நாலு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில்

என் வயதுக்காரர்களே, உங்கள் வீடுகளில் மணி ஒரு தரம்தான் அடித்திருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு தரம் அடித்தது.

நாலு என்று அடித்து முடிக்கும். பிறகு சும்மா இருக்கும். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வாசல்வரை போனவர், கேட்டவர் காதில் விழுந்ததோ இல்லையோ என்று திரும்பி வருவதுபோல, மறுபடியும் நாலு அடிக்கும். நடுவில் இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவளுக்கு எழுத வேறு விஷயமா இல்லை என்பீர்கள். இருக்கிறது. அதெல்லாம் வரிசையில் நிற்கட்டும்.

அதை நாங்கள் கடிகாரம் என்று சொன்னதில்லை. பாந்தூல் என்போம். பெரியப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்த சொல். பிரெஞ்சுக்காரர்கள் ஊசல் வைத்த கடிகாரத்தை அப்படித்தான் அழைப்பார்களாம். திருக்கோகர்ணத்தில் எங்கள் வாயில் விழுந்து அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. “பாந்தூலு என்ன சொல்லுது?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் “எங்க வீட்டுப் பாந்தூல்ல பத்து அடிச்ச பிறகுதான் கிளம்பினேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டேன். வகுப்பு ஒரு வாரம் சிரித்தது. அதுவரை அது எல்லார் வீட்டிலும் இருக்கிற தமிழ்ச் சொல் என்றே நினைத்திருந்தேன்.

பெரியப்பா, அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சைகோனில் துணிக்கடையில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, இரண்டாம் உலகச் சண்டை வருவதற்கு இரண்டு வருஷம் முந்தித் திரும்பி வந்தவர். மற்றவர்கள் அங்கேயிருந்து பீங்கானும் பட்டும் கொண்டுவந்தார்கள். இவர் மூன்று கடிகாரங்களோடு கப்பலிலிருந்து இறங்கினார். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போகும்போது பொறுக்கியவை.

ஒன்று பறவைக் கூண்டு. கம்பிக்குள் நிஜச் சிறகு ஒட்டிய மஞ்சள் குருவி. மணி காட்டும் முகம் கூண்டின் அடிப்பக்கத்தில் இருந்தது. உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் நேரம் தெரியும். நான் கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பேன். சிமெண்டின் குளிர் முதுகில் ஏற, தலைக்கு மேலே குருவியின் பாதத்துக்கடியில் மணி ஓடுவது தெரியும். குருவி பாடும் என்றார்கள். நான் பார்க்க அது பாடியதில்லை. பெரியப்பாதான் உதட்டைக் குவித்துப் பாடிக் காட்டுவார்.

இன்னொன்று கலங்கரை விளக்கம். ஒரு முழ உயரம். உச்சியில் இருந்த கண்ணாடிக் கூண்டு தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கடல் இல்லாத ஊரில், அலமாரியின் மேல்தட்டிலிருந்து, அது யாருக்கோ வழி காட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவதுதான் பாந்தூல்.

வெள்ளைப் பீங்கான் முகம். நாலு என்பதற்கு நாலு குச்சி. முகத்தைச் சுற்றிக் காகிதம்போல மெல்லிய பித்தளைத் தகட்டில் புடைத்தெடுத்த பழங்கள், பூக்கள், உச்சியில் ஒரு சேவல். ஆடி மாதத்துக் காற்றில் அந்தத் தகடு லேசாக அதிரும். ஊசல் என் இடுப்பளவு நீளம், வயிறு பெருத்த வீணைபோல. அதன் நடுவே சாயம் பூசிய ஒரு கொல்லன், பட்டறைக் கல்லுக்கு முன்னால். ஊசல் ஆட ஆட அவன் குனிந்து நிமிர்ந்து சம்மட்டி அடிக்க வேண்டும். சம்மட்டி பிடித்த கை கப்பலில் ஒடிந்துவிட்டது. ஆகவே அவன் வெறுமனே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான், பகலும் இரவும், யாரோ ஒரு துரைக்குக் கும்பிடு போடுகிறவன்போல. பிரெஞ்சுக்காரன் மரப்பெட்டி இல்லாமல் விற்றதால், இங்கே ஆசாரியை வைத்துப் பலா மரத்தில் பெட்டி செய்தார்கள். ஆசாரி தனக்குத் தெரிந்ததைச் செய்தார். இரண்டு பக்கமும் யாளி நின்றது. நடுவில் பிரெஞ்சுச் சேவல்.

ஏன் இரண்டு தரம் அடிக்கிறது என்று கேட்டால் பெரியப்பாவிடம் பதில் இருந்தது. “மொதத் தடவை அடிக்கயில நீ எண்ண ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒண்ணு ரெண்டு போயிருது. ஆறா ஏழான்னு சந்தேகம். அதுக்குத்தான் திருப்பிச் சொல்றான். பிரெஞ்சுக்காரன் மரியாதை தெரிஞ்சவன்.”

எதிர்வீட்டு மளிகைக்காரர் விடமாட்டார். “அப்ப ஒங்க வீட்ல மட்டும் ஒரு நாளைக்கு நாப்பத்தெட்டு மணி நேரம். அதான் எந்த வேலையும் அவசரமில்லாம நடக்குது.”

அந்தப் பாந்தூலுக்கு நேரம் வைப்பது எப்படி என்றால், பகல் வண்டி ஸ்டேஷனில் நுழைந்து ஊதும்போது பெரியப்பா முள்ளை மூன்று இருபதுக்குத் தள்ளுவார். வண்டி தாமதமாக வரக்கூடும் என்ற எண்ணமே அவருக்கு வந்ததில்லை. கண்டுபிடித்தவன் வெள்ளைக்காரன், ஓட்டுகிறவன் மட்டும் நம்ம ஊர்க்காரன் என்றால் நேரம் தப்பிவிடுமா என்பார்.

இந்தக் கடிகாரத்தை நம்பித்தான் என் அக்காவின் ஜாதகம் எழுதப்பட்டது.

அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் யாரும் இல்லை. தலைப்பிரசவம் இந்த வீட்டிலேயே நடந்தது. கூடத்தை ஒட்டிய உள்ளறையில் அம்மாவும் மருத்துவச்சியும். கதவுக்கு வெளியே, பாந்தூலுக்கு முன்னால், பெரியப்பா. பிள்ளையின் அழுகுரலும் மணிச்சத்தமும் சேர்ந்து கேட்டதாம். அவர் பென்சிலை எடுத்துக் கடிகாரப் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் எழுதினார்: ‘மாலை மணி நாலு அடிக்க ஜனனம். பெண்.’ அந்த எழுத்தை நானும் பார்த்திருக்கிறேன். பலா மரத்தின் மஞ்சளில் பென்சில் கோடு வெள்ளியாக மின்னும்.

சோசியர் அந்த நாலு மணியை வைத்துக் கணித்தார். ஆயில்யம் என்றார்.

ஆயில்யத்துப் பெண் வந்த வீட்டில் மாமியாருக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் சொல்வது உங்களுக்குத் தெரியும். தாய் உயிரோடு இருக்கிற எந்தப் பையனின் வீட்டிலும் அந்த ஜாதகத்தை இரண்டாம் தரம் பிரிக்கமாட்டார்கள். அக்காவுக்குப் பதினெட்டு நடந்தபோது மூன்று இடம் வந்து, மூன்று இடமும் காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தன. தாயில்லாத மாப்பிள்ளை கிடைப்பானா என்று அப்பா திருச்சியில் விசாரித்துக்கொண்டிருந்தார். சமஸ்தானக் கச்சேரியில் எழுத்தராக இருந்தவர் அப்பா. சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தபோது அவருடைய நாற்காலியும் சேர்ந்து போய்விட்டது. சனிக்கிழமை பஸ்ஸில் வந்து, ஞாயிறு சாயங்காலம் திரும்புவார்.

அக்கா இதையெல்லாம் சிரிப்பாக்கிவிடுவாள். “நான் காலை வச்சா மாமியா போயிருவாங்களாம்டீ. ஊர்ல பாதிப் பொண்ணுங்க இந்த வரத்துக்குத்தான் வெள்ளிக்கிழமை வெளக்குப் போடுதுங்க.” சொல்லிவிட்டுப் பாந்தூலுக்குச் சாவி கொடுப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் அது அவள் வேலை. இரும்புக் கைப்பிடியைத் துவாரத்தில் நுழைத்துச் சுற்றச் சுற்ற, எடைக் குண்டுகள் இரண்டும் கறகறவென்று மேலே ஏறும். எண்ணெயும் துருவும் கலந்த வாடை வரும். வேறு யாரையும் அவள் தொடவிடமாட்டாள்.

அந்த வருஷம் மாசியில் கீரனூரிலிருந்து ஒரு வாத்தியார், குடைவரைக் கோயிலைக் காட்டவென்று நாற்பது பிள்ளைகளை பஸ்ஸில் அழைத்துவந்தார். வெயில் தாங்காமல் கூட்டம் எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நின்றது. அக்கா கிணற்றில் இறைத்தாள். நாற்பது பேர். ஒரே சொம்பு. அந்த வாத்தியார் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவனாகக் குடிக்கவைத்து, கடைசியாகத் தான் குடித்தார். குடித்துவிட்டு, “கை சிவந்திருச்சுங்களே” என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அக்கா வாளியை மறுபடியும் கிணற்றில் விட்டாள். அன்று சாயங்காலம் சோற்றில் உப்புப் போட மறந்தாள்.

பங்குனியில் கீரனூரிலிருந்தே ஜாதகம் வந்தது. அவர்களாகக் கேட்டு வந்தது. கூடவே ஒரு போட்டோ. ஜாதகம் அலமாரிக்குப் போனது. போட்டோவைக் காணோம் என்று அம்மா தேடினாள். வெள்ளிக்கிழமை அக்கா சாவி கொடுக்கும்போது நான் எட்டிப் பார்த்தேன். எடைக் குண்டுகளுக்குப் பின்னால், பலகை இடுக்கில், வாத்தியார் கழுத்துப் பட்டன்வரை போட்டு நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குத் தாய் இருந்தார். தகப்பன் இல்லை. தாய் மட்டும்தான்.

எங்கள் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் பதில் ஒன்றும் சொல்லவில்லையாம். வேண்டாம் என்றும் இல்லை, சரி என்றும் இல்லை. அக்கா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். முந்திரிப் பழக் காலம் அது. தெருவெல்லாம் அந்தப் புளித்த இனிப்பு வாடை. நான் பழச்சாற்றைப் பாவாடையில் கறையாக்கிக்கொண்டு வந்தால் அவள் திட்டக்கூட இல்லை.

சித்திரை பிறந்து ஒருநாள் பெரியப்பா சோசியரை வீட்டுக்கே அழைத்துவந்தார். பழைய பஞ்சாங்கத்தை எடுத்துவைத்து மறுபடி பார்க்கச் சொன்னார். சோசியர் விரல் மடக்கி, நாழிகையை மணியாக்கி, மணியை நாழிகையாக்கி, கடைசியில் பெருமூச்சு விட்டார்.

“பாவங்க. ஒரு மயிரிழை. அன்னைக்கு நாலு மணி தாண்டி ஒரே நிமிசத்துல ஆயில்யம் முடிஞ்சிருது. அப்பறம் மகம். மகம்னா ஒரு தோசமும் இல்ல. நாலு மணிங்கிறதால ஆயில்யம்.”

பெரியப்பா கொஞ்ச நேரம் பாந்தூலைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றேவிட்டார்.

“எந்த நாலு?”

“என்னது?”

“நாலுன்னா எந்த நாலு ஓய்? இது ரெண்டு நாலு அடிக்குமே! மொத நாலுன்னா ஆயில்யம். ரெண்டாவது நாலுன்னா?”

சோசியர் பஞ்சாங்கத்தையும் பாந்தூலையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டாவது நாலுன்னா நாலு மணி ரெண்டு நிமிசம். மகம்.”

பதினெட்டு வருஷமாக அந்தக் கடிகாரத்துக்கடியில் உண்டு உறங்கிய வீட்டில், இந்தக் கேள்வி அன்றுதான் பிறந்தது.

அப்பா சனிக்கிழமை வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவிடாமல் பெரியப்பா பிடித்துக்கொண்டார். அப்பா கச்சேரிக்காரர். எழுத்துக்கு முன்னால் வாய்வார்த்தை நிற்காது என்பவர்.

“எழுதினது நீங்கதானே அண்ணே?”

“நாந்தான்.”

“எந்த நாலுன்னு அப்பத் தெரியாதா?”

“நாலு அடிச்சுது, புள்ளை அழுதுச்சு. எழுதினேன். ரெண்டாவதாத்தான் இருக்கணும்.”

“இருக்கணும்னா எப்படிண்ணே? முன்னாடி ஒரு நாலு அடிச்சது காதுல விழுந்துச்சா?”

“அப்ப நான் கொல்லைப் பக்கம் வெந்நி எடுக்கப் போயிருந்தேன்னு ஞாபகம்.”

“ஞாபகமா, இப்ப வந்த ஞாபகமா?”

“ஏண்டா, நீ யாரு கட்சி?”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். “சரி, அந்தக் கடிகாரத்துக்கு நேரம் வைக்கிறது ரயிலைப் பார்த்து. அந்த ரயிலு என்னைக்கு...” என்று தொடங்கியவர், அக்கா காப்பியோடு வந்ததும் நிறுத்திக்கொண்டார். இன்று யோசித்தால், அந்தக் கேள்வி ஒன்றுதான் அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பேசப்பட்ட புத்தியுள்ள பேச்சு. அதை முடித்திருந்தால் இரண்டு நிமிஷமென்ன, இருபது நிமிஷத்துக்கும் சாட்சி இல்லாமல் போயிருக்கும். அப்பா அக்காவின் முகத்தைப் பார்த்தார். காப்பியை வாங்கிக்கொண்டார்.

கீரனூருக்கு எழுதிப்போட்டார்கள்: எங்கள் வீட்டுக் கடிகாரம் இரண்டு தரம் அடிக்கும், பெண் பிறந்தது இரண்டாவதில், ஆகவே மகம். நான்காம் நாள் கார்டு வந்தது. வாத்தியாரின் கையெழுத்தில், தாயின் வாய்ச்சொல். ‘அப்படி ஒரு கடிகாரத்தை நான் கேள்விப்பட்டதில்லை. வந்து கேட்கிறேன்.’

அந்த அம்மாள் வருவதாகச் சொன்ன நாளில் அப்பா லீவு போட்டார். அம்மா சேவலையும் பழங்களையும் புளி போட்டுத் துலக்கினாள். தகடு ஓரத்தில் கிழிந்து அவள் விரலில் ரத்தம் வந்தது. பெரியப்பா சைகோன் கோட்டை மாட்டிக்கொண்டார். அக்குளில் பூச்சி அரித்த ஓட்டை தெரிந்தது. காலையிலேயே அம்மாவை அடுப்படி வாசலில் நிறுத்தி, அவர் அப்பாவைப் பார்த்துப் பேசினார். தம்பி பெண்சாதியோடு நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை.

“அந்தம்மா ஒருவேளை கேட்டாலும் கேக்கும். ரெண்டாவது நாலுன்னு சொல்லச் சொல்லு.”

அப்பா அம்மா பக்கம் திரும்பி, “ரெண்டாவதுன்னு சொல்லிரு” என்றார்.

அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாளா என்று எனக்கு நினைவில்லை.

இரண்டரை மணி பஸ்ஸில் வந்தார் வாத்தியாரின் தாய். துணைக்கு யாரும் இல்லை. உயரமான, கறுத்த, வெள்ளைச் சேலைக்காரர். ஓலைப் பெட்டியில் வறுத்த கடலை. அம்மா பாயை விரித்துவிட்டு, அக்காவை அழைக்க உள்ளே திரும்பினாள். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“வேணாம் ஆத்தா. நான் அறுத்தவ. மொத மொதப் பொண்ணு பாக்க நான் வரக்கூடாது. இன்னைக்கு மணி கேக்கத்தான் வந்தேன்.”

பாந்தூலுக்கு எதிரே, தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சோசியர், பெரியப்பா, அப்பா ஒரு பக்கம். அம்மா அடுப்படி நிலையில். அக்கா கதவுக்குப் பின்னால். நான் அக்காவின் பாவாடை ஓரத்தில், கதவிடுக்கு வழியாக.

“இவன் என்னத்துக்குக் கும்புட்டுக்கிட்டே கெடக்கான்?” என்று கேட்டார், ஊசலைப் பார்த்து.

பெரியப்பா, “அவன் கொல்லனுங்க. கை ஒடிஞ்சு போச்சு” என்றார்.

“கை போயும் வேலையை விடல பாருங்க. நம்ம சாதி.”

சோசியர் சிரித்தார். கதவுக்குப் பின்னால் அக்காவும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதாக இருந்தது. பயமும் ஆசையும் ஒன்றாக மூச்சு விட்டதுபோல.

பகல் வண்டி ஊதியது. பெரியப்பா எழுந்து போய் முள்ளைச் சரிசெய்தார். எல்லாரும் கடலை தின்றார்கள். பிறகு பெட்டிக்குள் ஏதோ தொண்டையைக் கனைத்துக்கொண்டது. பாந்தூல் அடித்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

“இது மொத நாலு” என்றார் பெரியப்பா, சபைக்கு அறிவிப்பதுபோல. “புள்ளை பொறந்தது இதுல இல்ல. நான் இந்த எடத்துலதான்...”

“நீங்க வெளியிலதான நின்னீங்க” என்றார் அந்த அம்மாள். “உள்ள இருந்தது யாரு?”

“மருத்துவச்சி. அவ போய்ச் சேந்துட்டா.”

“அவ மட்டுமா இருந்தா?”

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். “கேட்டுக்குங்க. அவளே சொல்லுவா” என்றார்.

அந்த அம்மாள் உடம்பையே திருப்பி அடுப்படிப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். “பெத்தவ நீதான ஆத்தா. எனக்கு ஒளிக்காமச் சொல்லு. மொத நாலா, ரெண்டாவதா?”

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கொஞ்சம் பொறுங்க” என்றாள்.

“என்ன பொறுக்கிறது, சொல்ல வேண்டியதுதானே” என்றார் பெரியப்பா, அப்பாவைப் பார்த்து.

“பொறுங்க” என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

பொறுத்தோம். என் வயதுக்காரர்களே, இரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று நீங்கள் சும்மா உட்கார்ந்து பார்த்ததுண்டா? தெருவில் ஒரு மாட்டுவண்டி தூரத்தில் தொடங்கி, வாசலைக் கடந்து, தூரத்தில் முடிந்தது. கொல்லன் குனிந்தான், நிமிர்ந்தான். சோசியர் ஒரு கடலையைத் தோல் உரிக்கப் போய், சத்தம் வருமென்று கையிலேயே வைத்துக்கொண்டார். அப்பா மேல்துண்டின் நூலை இழுத்தார். ஒரு ஈ வந்து அம்மாவின் விரல் கட்டில் உட்கார்ந்தது. அவள் ஓட்டவில்லை. குனிந்தான், நிமிர்ந்தான். முடிந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் முடியவில்லை. அக்காவின் கை என் தோளில் இறுகி, எலும்பு வலித்தது.

பெட்டிக்குள் கனைப்பு. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

நாலாவதன் ரீங்காரம் பித்தளையில் அடங்கியது.

“இம்புட்டு நேரம்” என்றாள் அம்மா.

யாருக்கும் புரியவில்லை.

“மொத நாலு அடிக்கயில புள்ளை வெளிய வந்துருச்சு. அழல. நீலமாக் கெடந்துச்சு. இம்புட்டு நேரமும் அழல. ரெண்டாவது நாலு அடிச்சு முடிக்கயிலதான் அழுதுச்சு. பெரியவங்க கேட்டது அந்தச் சத்தத்தை. எந்த நாலுன்னு எனக்குத் தெரியலைங்க. நீங்களே சொல்லுங்க.”

அப்பா அம்மாவை, புதிதாக வீட்டுக்கு வந்த ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒன்பது வருஷம். ஏன் என்று அந்த நிமிஷத்தில் அவர் கணக்குப் போட்டிருக்கலாம். நான் போட்டது ரொம்பப் பிற்பாடு, எனக்கே பிள்ளை பிறந்தபோது.

சோசியர்தான் முதலில் சுதாரித்தார். “சாஸ்திரத்துல இதுக்கு எடம் இருக்குங்க. தலை தெரியிற நேரம்னு ஒண்ணு. ஒடம்பு பூமியில படுற நேரம்னு ஒண்ணு. மொத அழுகைன்னு ஒண்ணு. மூணையும் சொல்லிருக்கு. எதை எடுத்துக்கிறதுங்கிறது...”

“எனக்கு மூணு பொறந்துச்சு” என்றார் அந்த அம்மாள்.

சோசியர் நிறுத்தினார்.

“ஒண்ணுதான் அழுதுச்சு. அதுதான் இந்த வாத்தியாரு. மத்த ரெண்டும் முழுசாத்தான் வந்துச்சு. கை காலு, தலை நெறைய முடி, எல்லாம். ரெண்டுக்கும் நீங்க யாரும் சாதகம் எழுதலையே. எத்தனை புள்ளைன்னு கேக்கிறவங்களுக்கு ஒண்ணுன்னுதான் சொல்லிக்கிட்டு வாரேன்.” ஓலைப் பெட்டியை மூடினார். “அழுததுதான் பொறந்தது. அந்த நேரத்தை எழுதுங்க.”

“அப்ப மகம்” என்றார் சோசியர்.

“அது ஒங்க வேலை. என்னமோ எழுதிக்குங்க.” எழுந்தார். நிலையருகே வந்து அம்மாவின் முன்னால் நின்றார். தொடவில்லை. “ஆவணியில வச்சுக்குவோமா?” என்று அம்மாவைத்தான் கேட்டார்.

ஆவணியில் நடந்தது. புது ஜாதகத்துக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள். பழையதை என்ன செய்தார்கள் என்று தெரியாது. பாந்தூலைச் சீராகக் கொடுக்கிறேன் என்று பெரியப்பா பெருந்தன்மையாகச் சொன்னபோது, சம்பந்தியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “எங்க வீட்டுக்கு ஒரு தரம் அடிச்சாப் போதும்ணே.” அக்காவோடு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். இரண்டு பேரும் வாரத்துக்கு ஒருமுறை சண்டை போட்டார்கள், வெற்றிலைப் பெட்டியை ஒளித்துவைத்ததற்காக. எண்பதைத் தாண்டி, ஒரு தை மாதம், தூக்கத்தில் போனார். அதற்கு முன்னாலேயே பெரியப்பா போய்விட்டார். குருவியை என் தம்பி முறையுள்ள ஒருவன் பிரித்துப் பார்த்துப் பிரித்தபடியே விட்டான். கலங்கரை விளக்கம் வக்கீல் வீட்டுக்கு இரவலாகப் போய்த் திரும்பவில்லை. பாந்தூலின் கயிறு அறுந்து எடைக் குண்டு பெட்டியின் அடிப்பலகையைத் துளைத்தது, நான் கல்லூரியில் படித்த வருஷம். காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழைய சாமான் எடுக்கிறவர் வந்து தூக்கிப் போனார். யாளி வேண்டாம், சேவல் போதும் என்றார். பெட்டி கொஞ்ச காலம் விறகுத் தட்டாக இருந்தது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. சாமான்கள் போகும்.

மணி கேட்டுவிட்டு அந்த அம்மாள் பஸ் ஏறிப்போன அன்றைய சாயங்காலம் மட்டும் போகவில்லை.

கொல்லையில் கிணற்றடி. அம்மா காப்பி டம்ளர்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள், கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி. அக்கா வாளியோடு வந்து நின்றாள். கல்யாணம் கூடிவந்த பெண்ணின் முகமாக இல்லை அது. நான் துணி துவைக்கும் கல்லின் மறுபக்கம் உட்கார்ந்து முந்திரிக் கொட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“அந்த ரெண்டு நிமிசமும் என்னை யாரும்மா வச்சிருந்தா?”

“யாரும் வச்சிருக்கல. மொறத்துல போட்டிருந்துச்சு. மருத்துவச்சி என்னையப் பாத்துக்கிட்டிருந்தா. எனக்கு ரத்தம் நிக்கல.”

அக்கா தண்ணீரை ஊற்றினாள். அம்மா டம்ளரை நீட்டினாள். ஊற்றினாள். நீட்டினாள்.

“நீ என்ன செஞ்ச?”

“தலையைத் திருப்பி மொறத்தப் பாத்துக்கிட்டிருந்தேன். வேறென்ன செய்ய.”

“பதினெட்டு வருசம்மா. எத்தனை பேரு வந்து போனாங்க. ஒரு வார்த்தை ஏம்மா சொல்லல?”

அம்மா கடைசி டம்ளரைக் கவிழ்த்துவைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“யாருடி கேட்டா? சொல்லச் சொன்னாங்க. கேக்கல.” எழுந்து, அக்காவின் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள். “இன்னைக்குத்தான் ஒருத்தி வந்து கேட்டா.”